காத்திருந்தால் இருபது ரூபாய்

1980இல் 'வறுமையின் நிறம் சிவப்பு' வெளிவந்தபோது வேலையில்லா இளைஞனுக்காகத் தமிழகமே கண்கலங்கியது. பிறகு அவனை நாம் மறந்தோம். அவனோ எங்கும் போய்விடவில்லை. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன் பதிவைப் புதுப்பித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

அவனுக்கென்று தமிழக அரசு உதவித்தொகை ஒன்றை வைத்திருக்கிறது. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், மேல்நிலைப் படிப்பு முடித்தவருக்கு 400, பத்தாம் வகுப்பு தேறியவருக்கு 300, தவறியவருக்கு 200. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கு விதி வேறு. மற்றவர்கள் பதிவுசெய்து ஐந்தாண்டுகள் காத்திருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். 22 வயதில் பட்டம் பெற்று உடனே பதிந்தவருக்கு 27 வயதில் உதவி தொடங்கும், 30இல் நின்றுவிடும். தேர்வுக் கட்டணத்துக்கும் நேர்காணலுக்குப் போகும் பேருந்துச் செலவுக்கும் அவர் அல்லாடிய நாட்களில் அரசு அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. வேலை தேடுவதற்கா இந்தத் தொகை, காத்திருந்ததற்கா?

உதவி கொடுத்தால் இளைஞர்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்போர் உண்டு. நாளொன்றுக்கு இருபது ரூபாயில் சோம்பேறியாக வாழும் வித்தையை அவர்களே நமக்குக் கற்றுத்தரட்டும்.

அலுவலகத்தின் கதையும் இதுவே. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு வேலை தேடித்தர 1945இல் தோன்றிய அமைப்பு இது. காலிப்பணியிடங்களை அறிவிக்கவேண்டும் என்று 1959ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிட்டது. அறிவித்ததாலேயே இதன்வழி ஆளெடுக்க வேண்டியதில்லை என்று அதே சட்டம் கதவையும் திறந்துவிட்டது. பதிவுமூப்புப் பட்டியல் மட்டும் போதாது, பொது விளம்பரமும் வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் கூறியதை நாம் குறை சொல்லவில்லை, அது நியாயமே. ஆனால் அதன்பின் இந்த அலுவலகத்தின் வேலை என்ன என்று எவரும் கேட்கவில்லை. 'தொழில்நெறி வழிகாட்டும் மையம்' என்று பெயர்ப்பலகை நீண்டது. 2020இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு, அந்தத் திறந்த கதவை அப்படியே வைத்துக்கொண்டது.

நாம் கேட்பவை மூன்று. உதவித்தொகை பதிவுசெய்த முதலாண்டிலேயே தொடங்கட்டும். பயணத்துக்கும் தேர்வுக்கும் உண்மையாகவே போதுமானதாக இருக்கட்டும். பதிந்தவரை ஆண்டுக்கு இருமுறையாவது ஓர் அலுவலர் நேரில் அழைத்துப் பேசட்டும். ஒவ்வோர் அலுவலகமும் எத்தனை பேரைப் பதிந்தோம் என்பதோடு, எத்தனை பேருக்கு வேலை தேடித்தந்தோம் என்பதையும் தன் வாசலிலேயே எழுதிவைக்கட்டும்.

அந்த இரண்டாம் எண்ணை எழுதக் கை கூசுமானால், சீர்திருத்தம் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.