ஒரே நாணயம், சமமற்ற நாடுகள்: யூரோ புகட்டும் பாடம்

2002 சனவரி 1ஆம் நாள் ஐரோப்பாவின் பன்னிரண்டு நாடுகளில் யூரோத் தாள்களும் நாணயங்களும் மக்களின் கைக்கு வந்தன. பாரிசில் வாழும் தமிழர் யேர்மனியிலுள்ள உறவினர் வீட்டுக்குச் செல்லும்போது பிராங்கை மார்க்காக மாற்றவேண்டிய தேவை அன்றோடு ஒழிந்தது. எல்லை கடந்து வணிகம் செய்வோருக்கு மாற்றுவீத ஏற்ற இறக்கம் பற்றிய அச்சம் நீங்கியது. இவை மறுக்கவியலாத நன்மைகளே. ஆயினும், சட்டைப்பையிலுள்ள பணம் ஒன்றானதால் நாடுகளின் பொருளாதார வலிமையும் ஒன்றாகிவிடுவதில்லை. கிரேக்கத்தின் அனுபவம் இதனைத் தெளிவாக உணர்த்துகின்றது.

கிரேக்கம் 2001இல் யூரோவில் இணைந்தது. 340.75 திராக்மா ஒரு யூரோ எனக் கணிக்கப்பட்டது. 1990இல் 20 விழுக்காடளவில் இருந்த அந்நாட்டின் பணவீக்கம் அதற்குள் பெரிதும் தணிந்திருந்தது. ஏறக்குறைய யேர்மனிக்கு நிகரான குறைந்த வட்டியில் அதற்குக் கடனும் கிடைத்தது.

இதற்கு ஈடாக அந்நாடு இரு கருவிகளைக் கைவிட்டது. ஒன்று, ஏற்றுமதி தளரும்போது நாணய மதிப்பைக் குறைத்துத் தன் பொருட்களை மலிவாக்கும் உரிமை. மற்றொன்று, தன் வட்டிவீதத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை. ஐரோப்பிய மத்திய வங்கி 2003 முதல் 2005 வரை வட்டியை 2 விழுக்காட்டில் வைத்திருந்தது. மந்தமாயிருந்த யேர்மனிக்கு அது பொருந்தியது. விரைந்து வளர்ந்த அயர்லாந்திலும் ஸ்பெயினிலும் அதுவே வீட்டு விலைகளை ஊதிப் பெருக்கியது.

2009இல் கிரேக்க அரசின் உண்மையான பற்றாக்குறை வெளிப்பட்டபோது கடன் கொடுப்போர் கைவிரித்தனர். 2010இல் 11,000 கோடி யூரோ மீட்புக்கடன் அறிவிக்கப்பட்டது. நாணய மதிப்பைக் குறைக்க வழியில்லாமையால் ஊதியமே குறைக்கப்பட்டது. 2012இல் குறைந்தபட்ச ஊதியம் 22 விழுக்காடும், 25 வயதுக்குட்பட்டோருக்கு 32 விழுக்காடும் வெட்டப்பட்டது. 2013இல் வேலை தேடிய இளையோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வேலை இல்லை. படித்த இளைஞர் பலர் யேர்மனிக்கும் பிரித்தானியாவுக்கும் புறப்பட்டனர்.

கணக்கை மறைத்த கிரேக்க ஆட்சியாளரின் குற்றம் சிறிதன்று. எனினும், அளவின்றிக் கடன் கொடுத்த வங்கிகளும் பொறுப்பாளிகளே. நலிந்த நாடுகளும் சேர்ந்திருப்பதால் யூரோவின் மதிப்பு, தனி மார்க் எட்டியிருக்கக்கூடிய உயரத்துக்கு ஏறுவதில்லை. அதன் பயன் யேர்மனியின் ஏற்றுமதிக்குச் சேர்கின்றது.

சொந்த நாணயம் அனைத்துக்கும் மருந்தா எனில், அன்று. 2008இல் ஐஸ்லாந்தின் குரோனா ஏறத்தாழப் பாதி மதிப்பை இழந்தது. இறக்குமதிப் பொருட்களின் விலை ஏறியது. ஆனால் அச்சுமை மக்கள் அனைவர் மீதும் பரவியது. கிரேக்கத்திலோ அது வேலையற்ற இளையோரின் தோளில் குவிந்தது.

ஐக்கிய அமெரிக்காவிலும் வளமான மாநிலங்களும் வறிய மாநிலங்களும் ஒரே டொலரைப் பகிர்கின்றன. அங்கு நடுவண் அரசு வரி திரட்டி, நலிந்த மாநிலங்களுக்கும் ஓய்வூதியமும் மருத்துவ உதவியும் வழங்குகின்றது. ஐரோப்பா பொது நாணயத்தை ஆக்கியது. அதற்கேற்ற பொதுக் கருவூலத்தை ஆக்கவில்லை. கொரோனாக் காலத்தில், 2020இல், 75,000 கோடி யூரோவைக் கூட்டாகக் கடன்பெற முடிவுசெய்தமை அத்திசையில் பெரிய அடியெனலாம். ஆயினும் அது தற்காலிக ஏற்பாடே.

யூரோவில் இணைவதை 2000இல் டென்மார்க் மக்களும் 2003இல் சுவீடன் மக்களும் வாக்கெடுப்பில் நிராகரித்தனர். இத்தகைய கேள்விகள் நாளை நம் இளையோரின் வாக்குச்சீட்டிலும் வரலாம். அப்போது அவர்கள் கேட்கவேண்டியது ஒன்றே: நாணயத்தைப் பகிர்வோர், நெருக்கடிக் காலத்தில் சுமையையும் பகிர்வார்களா? பிள்ளைகள் ஊரைவிட்டுப் புறப்படும்போது ஒரு வீடு எதை இழக்கின்றது என்பதைப் புலம்பெயர்ந்த பெற்றோர் அறிவர். அந்த இழப்பு எந்த நாட்டின் வரவுசெலவுக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.