யார் கட்டிக் கொடுத்தது?

போன தீபாவளிக்கு ராயகிரியில் அம்மா வீட்டு மாடியில் தம்பியின் கூட்டாளிகள் நாலைந்து பேர் உட்கார்ந்து செல்போனில் மார்வெல் ஸ்னாப் ஆடிக்கொண்டிருந்தார்கள். முறுக்குத் தட்டைக் கொண்டுபோய் வைத்த நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "நானும் ஒரு ஆட்டம் வாரேன்" என்றேன். சிரித்தார்கள். மூன்று ஆட்டம் ஆடினோம். மூன்றிலும் நான் ஜெயித்தேன். தோற்ற பையன் என் செல்போனை வாங்கி என் சீட்டுக்கட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"நல்ல கட்டுக்கா. யாரு கட்டிக் குடுத்தா? அத்தானா?"

அவன் கெட்ட பையன் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டான். ஆனால் அந்தக் கேள்வியில் இருக்கும் நம்பிக்கை எங்கள் ஊர் மலையைவிடப் பழையது. பெண் ஆடலாம், அதிர்ஷ்டம் இருந்தால் ஜெயிக்கவும் செய்யலாம். ஆனால் கட்டுவது ஆண்தான். பெண் என்பவள் கட்டிக் கொடுக்கப்படுகிறவள். அவள் கையில் இருப்பதும் யாரோ கட்டிக் கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 2022இல் வந்த மார்வெல் ஸ்னாப்பில் சீட்டுகள் எல்லாம் சூப்பர் ஹீரோக்களும் வில்லன்களும். நம்மிடம் சேர்ந்திருக்கும் சீட்டுகளிலிருந்து பன்னிரண்டை மட்டும் பொறுக்கி ஒரு கட்டு சேர்க்க வேண்டும். ஒரே சீட்டை இரண்டு முறை வைக்க முடியாது. ஆறு சுற்று, மூன்று இடங்கள். இரண்டு இடங்களில் யாருக்குப் பலம் அதிகமோ அவருக்கு வெற்றி. ஓர் ஆட்டம் மூன்று, நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் கட்டு கட்ட எனக்கு மூன்று, நான்கு இரவு ஆகும்.

நான் கணக்கு டீச்சர். ஆட்டத்தின் ஆரம்பத்தில் கையில் மூன்று சீட்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று. மற்ற சீட்டுகள் குறுக்கிடாவிட்டால் ஆறு சுற்று முடியும்போது பன்னிரண்டில் ஒன்பதைப் பார்த்திருப்போம், மூன்று வராமலே போயிருக்கும். நான் நம்பியிருக்கும் ஒரு சீட்டு கைக்கு வர வாய்ப்பு 75 சதவீதம். இரண்டு சீட்டு சேர்ந்தால்தான் என் திட்டம் பலிக்கும் என்றால் வாய்ப்பு 54.5 சதவீதம். மூன்று சேர வேண்டும் என்றால் 38தான். அதனால் ஒரே திட்டத்தை நம்பிக் கட்டக்கூடாது. வராத மூன்று சீட்டையும் கணக்கில் வைத்துக் கட்ட வேண்டும். இதையெல்லாம் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருக்கிறேன். ராத்திரி பாத்திரம் கழுவி, தோசை மாவை எடுத்து வைத்து, எல்லாரும் படுத்த பிறகு பத்தரை மணிக்கு மேல் எழுதிய நோட்டு அது. "அத்தான்" அதைத் திறந்தும் பார்த்ததில்லை.

சீட்டு எங்கள் பகுதிக்கு அந்நியமானது இல்லை. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த பிறகு சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரம் முழுக்க அந்தத் தொழில் பரவியது. தீப்பெட்டிக்குப் படம் வேண்டும். படத்துக்கு அச்சகம் வேண்டும். மயில், புலி, கப்பல், தாமரை என்று லட்சக்கணக்கில் அச்சாகி வந்த அந்தப் படங்களைப் பையன்கள் கிழித்துச் சேர்த்து, அடுக்கி, பந்தயம் வைத்து ஆடினார்கள். அரிய படம் ஒன்றுக்குச் சாதாரணப் படம் பத்து. இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கும் சீட்டு மாற்று வியாபாரத்தின் இலக்கணம் எல்லாம் கரிசல் காட்டுத் தெருவில் அன்றைக்கே இருந்தது.

அந்தப் படத்தைப் பெட்டியில் ஒட்டியது யார்? கழுகுமலைப் பக்கம் பிறந்த என் அம்மா ஒன்பது வயதிலிருந்து தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவள். கட்டை அடுக்குவாள், பெட்டி ஒட்டுவாள். 144 பெட்டி ஒரு குரோஸ். குரோஸுக்குத்தான் கூலி. "ஒனக்கு எந்தப் படம்மா பிடிக்கும்?" என்று ஒருமுறை கேட்டேன். "படத்த எங்கட்டி பாத்தேன்? பசை காயுறதுக்குள்ள அடுத்த பெட்டி" என்றாள். ஒட்டியவளுக்குப் படத்தைப் பார்க்க நேரமில்லை. அவளுடைய அண்ணனிடம் டிரங்குப் பெட்டி நிறையப் படம் இருந்தது. அதைப் பொழுதுபோக்கு என்கிறோம். ஒரு வீட்டில் ஒருவருக்குப் பொழுது போகிறது என்றால் இன்னொருவரின் பொழுது எங்கே போனது என்று பார்க்க வேண்டும்.

காமிக்ஸும் எங்கள் பக்கத்துச் சரக்குதான். 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கை மட்டும் தெரியும். 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸின் முதல் இதழில் நாயகி ஒரு பெண், மாடஸ்டி பிளைசி. சிவகாசியில் அச்சான ஒரு புத்தகத்தின் அட்டையில் சண்டைக்காரி ஒருத்தி நின்றபோது, சுற்றுவட்டாரத்தில் எத்தனை சிறுமிகள் கையில் அது கிடைத்திருக்கும்? எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் தெருவில் காமிக்ஸ் கைமாறிய இடம் சலூன். அங்கே நான் எப்படிப் போவேன்?

எனக்குக் கிடைத்தது மல்யுத்த வீரர்கள் சீட்டு. தொண்ணூறுகளில் பெட்டிக்கடையில் விற்ற டிரம்ப் கார்டு. உயரம், எடை, மார்பு, புஜம் என்று எண்கள் இருக்கும். பெரிய எண் சொன்னவர் எதிராளியின் சீட்டைப் பிடுங்கிக்கொள்ளலாம். எல்லார் சீட்டிலும் இருந்த எண்களை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். தெருப் பையன்களிடமிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்பதுக்கு மேல் சேர்த்துவிட்டேன். 1998இல், ஏழாம் வகுப்பு கோடை விடுமுறையில், பெரியவளானேன். குச்சிலில் உட்கார வைத்தார்கள். பதினாறு நாள் கழித்து வெளியே வந்தபோது சீட்டு அத்தனையும் தம்பியிடம் இருந்தது. கேட்டதற்கு ஆச்சி சொன்னாள்: "சமஞ்ச பிள்ளைக்கு என்னட்டி சீட்டு? வேணும்னா தாயக்கட்ட உருட்டு." யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. விசேஷ வீட்டில் நடக்கும் கொள்ளை இப்படித்தான், வாழை இலையில் சாப்பாடு போட்டபடி நடக்கும்.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

முதலாவது: "சீட்டாடுகிற பொம்பளை." எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சீட்டு என்றால் ரம்மி. இணைய ரம்மியில் பணத்தைத் தொலைத்து ஆண்கள் உயிரை விட்ட பிறகுதான் 2023இல் தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சொல்லி அவற்றைத் தடையிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்தது. இந்தக் கதை முழுக்க ஆடியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அடகுக்குப் போனது மனைவியின் தாலிக்கொடி. பாஞ்சாலி காலத்திலிருந்தே நமக்குச் சூதில் இடம் உண்டு, பணயமாக. நான் பணம் வைத்து ஆடுவதில்லை. இரண்டு வருடத்தில் இந்த விளையாட்டுக்கு ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. அதற்காக விளையாட்டை விற்கிறவர்களை நல்லவர்கள் என்று சொல்ல மாட்டேன். அடுத்த சீட்டுக்கு ஆசை காட்டி மறுபடி மறுபடி திறக்க வைப்பதுதான் அவர்கள் தொழில். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கடிகாரம் வைத்து ஆடுகிறேன். ஆனால் டீக்கடையில் மூன்று மணி நேரம் உட்காரும் ஆணிடம் யாரும் கேட்காத கணக்கை என்னிடம் மட்டும் கேட்டால் பதில் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது: "உருப்படியாக ஏதாவது செய்யக்கூடாதா?" தையல், ஆரி வேலை, மாடித்தோட்டம். பெண்ணுக்கு அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்கு எதைப் பார்த்தாலும் கடைசியில் வீட்டுக்கு ஒரு ஜாக்கெட்டோ ஒரு கத்தரிக்காயோ வந்தாக வேண்டும். அவை பொழுதுபோக்கு இல்லை, வேலையின் நீட்சி. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது: வீட்டுக்குள் சம்பளமில்லாத வேலை செய்த பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் செலவிட்டது சராசரி 299 நிமிடம். ஆண்களில் நாலில் ஒருவர்தான் அந்த வேலையில் கையே வைத்திருக்கிறார்கள். வைத்தவர்களும் 97 நிமிடம்தான். ஐந்து மணி நேரம் உருப்படியாக இருந்தாயிற்று. மிச்சமிருக்கும் முப்பது நிமிடம் உருப்படாமல் போகட்டும்.

இந்த விளையாட்டில் ஷீ-ஹல்க் என்று ஒரு சீட்டு உண்டு. முந்தைய சுற்றில் நாம் செலவழிக்காமல் விட்ட சக்திக்கு ஏற்ப அவளை இறக்கும் செலவு குறையும். இதைக் கேட்ட பள்ளித் தோழி ஒருத்தி, "பாத்தியா, ரெஸ்ட் எடுத்தா நல்லா வேலை செய்யலாம்னு சொல்லுது" என்றாள். இல்லை. அப்படி நியாயம் சொன்னால் ஓய்வும் வேலைக்குத் தீனியாகிவிடும். மாட்டை அவிழ்த்து விடுவதும் நாளைக்கு உழத்தானே? நான் நாளைக்கு நன்றாக உழைப்பதற்காக விளையாடவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, விளையாடுகிறேன். இந்த ஒரு வாக்கியத்தை அப்படியே சொல்ல எனக்கு முப்பத்தெட்டு வயது ஆகிவிட்டது.

மூன்றாவது எதிர்வாதம் நம் பக்கத்திலிருந்தே வருகிறது. "கூலி இல்லை, கழிப்பறை இல்லை, சாதி வெட்டிச் சாய்க்கிறது. நீ சீட்டுக்கு உரிமை கேட்கிறாயே தோழர்?" இந்தக் கேள்வியை மதிக்கிறேன். மாதச் சம்பளமும் தனி செல்போனும் இருப்பதால்தான் நான் இதை எழுதுகிறேன். ஆனால் என் அம்மாவின் பக்கம் நின்று பாருங்கள். அவளிடமிருந்து கூலியை மட்டுமா பறித்தார்கள்? படத்தைப் பார்க்கும் கண்ணையும் பறித்தார்கள். எட்டு மணி நேர வேலை கேட்டுத் தெருவில் இறங்கிய தொழிலாளர்கள் மிச்ச நேரத்தில் எட்டு மணி தூக்கத்துக்கும் எட்டு மணி தங்களுக்கும் என்றுதான் கேட்டார்கள். அந்தக் கடைசி எட்டு மணி நேரம் வீட்டுக்குள் வந்து சேரவே இல்லை. கூலியும் கழிப்பறையும் கேட்கும்போதே அதையும் கேட்போம். ஒன்று கிடைத்த பிறகு மற்றது என்று வரிசையில் நிற்க வைத்தால் வரிசையின் கடைசியில் எப்போதும் பெண்தான் நிற்பாள்.

சீட்டுக்குள்ளும் பிரச்சினை இருக்கிறது. இன்விசிபிள் வுமன் என்கிற சூ ஸ்டார்ம் 1961இல் வந்தவள். அவளுக்குக் கிடைத்த சக்தி, கண்ணுக்குத் தெரியாமல் போவது. பெயர் அப்போது இன்விசிபிள் கேர்ள். "சிறுமி" போய் "பெண்" ஆக 1985 வரை காத்திருந்தாள். மாயாவி மறைந்தால் சாகசம். பெண் மறைவதை நாங்கள் தினம் பார்க்கிறோம். கல்யாண வீட்டில் பந்தி முடியும் வரை அடுப்படியில் நிற்கிறவளுக்கு எந்த மின்சாரமும் பாய வேண்டாம். இருந்தும் அந்தச் சீட்டு என் கட்டில் எப்போதும் இருக்கிறது. அவளை ஓர் இடத்தில் இறக்கிவிட்டால், அதன்பின் நாம் அங்கே இறக்கும் சீட்டுகள் ஆட்டம் முடியும் வரை எதிராளிக்குத் தெரியாது. கடைசியில்தான் புரளும். மாடியில் அந்தப் பையன் தோற்றது அந்த இடத்தில்தான்.

என் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. இந்த வருடம் பெரியவளானாள். பதினாறு நாள் குச்சில் வேண்டாம் என்று நான் போட்ட சண்டையில் பாதிதான் ஜெயித்தேன். ஏழு நாள், பின்னறையில். இரண்டாம் நாள் அம்மா சாப்பாடு கொண்டுபோனபோது என் செல்போன் பிள்ளை கையில் இருந்தது. "ஏட்டி, இப்பவுமா சீட்டு?" என்று அம்மா குரலை உயர்த்தினாள். நான் எழுந்து போவதற்குள் மகள் சொன்னாள்: "ஆச்சி, இங்க உக்காரு. இந்தப் படத்தப் பாரு."

அம்மா உட்கார்ந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். சோறு ஆறிவிட்டது.

நாற்பது பக்க நோட்டில் இப்போது இரண்டு கையெழுத்து. கடைசியாக எழுதியிருக்கும் பன்னிரண்டு சீட்டும் என் மகள் தேர்ந்தெடுத்தவை. அடுத்த தீபாவளிக்கு மாடிக்கு அவளும் வருவாள். யார் கட்டிக் கொடுத்தது என்று கேட்கிறவர்கள் அவளிடம் கேட்கட்டும்.