பாக் விரிகுடாவுக்கும் ஒரு பிலிகுண்டுலு வேண்டும்

தென்மேற்குப் பருவமழை வலுத்துவிட்டால் தருமபுரி மாவட்டத்தில் எல்லோர் வாயிலும் அடிபடும் ஊர் பிலிகுண்டுலு. ஒகேனக்கல்லுக்கு மேலே, கர்நாடக எல்லையை ஒட்டி, காவிரியில் வரும் தண்ணீரை மத்திய நீர் ஆணையம் அளக்கும் இடம் அது. விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று அங்கே எடுக்கும் கணக்கை வைத்துத்தான் பரிசல் ஓடுமா, மேட்டூர் நிரம்புமா, டெல்டாவில் குறுவை நடவு நடக்குமா என்று ஊரே பேசுகிறது.

காவிரிப் பங்கில் இரு மாநிலங்களுக்கும் உள்ள வழக்கு நாம் அறிந்ததே. 2007-ல் நடுவர் மன்றம் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. என்றது, 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 டி.எம்.சி. ஆக்கியது. பங்கு மாறியது, அதை அளக்கும் இடம் மாறவில்லை. அதே ஆண்டு அமைந்த காவிரி மேலாண்மை ஆணையத்தின் செலவில் கர்நாடகமும் தமிழகமும் தலா 40 சதவீதம், கேரளம் 15 சதவீதம், புதுச்சேரி 5 சதவீதம் ஏற்க வேண்டும் என்றும் எழுதிவைத்தார்கள். பங்கில் தகராறு இருந்தாலும் அளவுகோல் பொது, அதற்கான செலவும் பொது என்ற ஏற்பாடு இது.

இதைப் போன்ற ஏற்பாடு இல்லாததால் அரை நூற்றாண்டாகத் தவிக்கும் ஓர் இடம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. அது பாக் விரிகுடா.

மீன் யார் கணக்கில்?

இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஒப்பந்தங்களில் கடல் எல்லையை வகுத்துக்கொண்டன. கோடு வரைபடத்தில் இருக்கிறது. மீனுக்கு அது தெரியாது. விரிகுடாவில் பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீட்டரைத் தாண்டாது. இறால், கணவாய், காரல், நண்டு என்று இரு கரையினரும் பிடிப்பது ஒரே வளத்தை. நீலக்கால் நண்டையே எடுத்துக்கொள்வோம். ராமநாதபுரத்திலும் பிடிக்கிறார்கள், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் பிடிக்கிறார்கள். இரு நாட்டிலிருந்தும் ஏற்றுமதியாகிறது. ஒரு கரையின் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு நண்டு பெருகுகிறதா, குறைகிறதா என்று எவராலும் சொல்ல முடியாது.

நம் பக்கம் கணக்கெடுப்பவர்கள் இல்லாமல் இல்லை. 1947-ல் தொடங்கி, இன்று கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், நாட்டின் கரையோரம் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட இறங்குதளங்களில் இருந்து மாதிரி முறையில் கணக்கெடுக்கிறது. எந்தத் தளம், எந்த நாள் என்று குலுக்கல்போலத் தேர்ந்து, அன்று வரும் படகுகளில் சிலவற்றின் மீனை இனம் பிரித்து எடை பார்த்து, மொத்தத்தை மதிப்பிடுகிறார்கள். பயிர் அறுவடைப் பரிசோதனையில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கட்டி அறுத்து, வட்டாரத்தின் விளைச்சலைக் கணிக்கிறோமே, ஏறக்குறைய அதே முறைதான்.

ஆனாலும் ஒரே நாட்டுக்குள் இரண்டு கணக்கு நிற்கிறது. 2022-23-ல் கடல் மீன் உற்பத்தி சுமார் 44 லட்சம் டன் என்கிறது மத்திய அரசின் புள்ளிவிவரம். 2022-ல் கரைக்கு வந்தது சுமார் 35 லட்சம் டன் என்கிறது ஆராய்ச்சி நிறுவனம். ஒன்று நிதியாண்டு, மற்றது காலண்டர் ஆண்டு. ஒன்றில் தீவுகள் சேரும், மற்றதில் சேராது. எடுக்கும் முறையும் வேறு. நமக்குள்ளேயே இத்தனை வேறுபாடு என்றால் இரு நாட்டுக் கணக்கையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

இலங்கையில் ‘நாரா’ என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனமும் கடற்றொழில் திணைக்களமும் இந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் 1983 முதல் 2009 வரை நடந்த போரில் வடக்கின் மீனவர்கள் கடலுக்குப் போவதே தடைப்பட்டது, கணக்கும் அறுந்துபோனது.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறு. கோட்டைத் தாண்டி மீன் பிடித்துவிட்டு வரும் படகு, எங்கே பிடித்தது என்று இறங்குதளத்தில் சொல்லாது. அந்த மீன் நம் கணக்கில் ஏறுகிறது. அது வளர்ந்த கடலின் கணக்கில் குறைவதாகப் பதிவாவதில்லை. பக்கத்து வயலில் அறுத்த கதிரை நம் களத்தில் தூற்றி, நம் வயலின் விளைச்சல் நன்று என்று எழுதுவதற்கு ஒப்பானது இது. இரு வயலின் உண்மை நிலவரமும் யாருக்கும் தெரியாமல் போகும்.

டன் மட்டும் போதாது

மொத்த எடையைக் கேட்டுத் திருப்தி அடைவது ஆபத்து. இரண்டு மூட்டை யூரியா போட்டு எடுத்த விளைச்சலை இன்று நான்கு மூட்டை போட்டு எடுத்தால் நிலம் நன்றாக இருக்கிறது என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். கடலிலும் அப்படித்தான். இயந்திரத்தின் குதிரைத்திறன் கூடி, வலையின் கண் சுருங்கி, இழுக்கும் நேரம் நீண்ட பிறகும் பிடிப்பு அதே அளவில் நின்றால், வளம் கரைகிறது என்று பொருள். அதனால் ஒரு படகு ஒரு நாளில் பிடித்தது எவ்வளவு, எந்த வலையால், மீனின் நீளம் என்ன, முட்டையிடும் வயதை எட்டியதா என்றும் குறிக்க வேண்டும். இரு கரையிலும் ஒரே படிவத்தில், ஒரே அளவுகோலால் குறிக்க வேண்டும்.

இந்தக் கணக்கு இல்லாமலேதான் முடிவுகள் எடுக்கப்படுகின்றன. இலங்கை 2017-ல் இழுவை மடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டு இந்தியா, பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் 1,600 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. 2016-ல் அமைந்த இருநாட்டுக் கூட்டுப் பணிக்குழு 2024 அக்டோபரில் கொழும்பில் ஆறாவது முறையாகக் கூடியது. இத்தனைக்கும் நடுவே கைதும் படகுப் பறிமுதலும் நிற்கவில்லை. மேசையின் இருபுறமும் அவரவர் துயரம் இருக்கிறது. இருவரும் ஏற்கும் ஓர் எண் மட்டும் இல்லை.

யார் பணம் தருவது?

வெளிநாட்டு உதவியில் நடத்தலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அதன் வரலாற்றைச் சென்னையே அறியும். 1979-ல் சுவீடன் போன்ற நாடுகளின் உதவியோடு, உலக உணவு வேளாண்மை அமைப்பு வங்காள விரிகுடாத் திட்டத்தைச் சென்னையில் தொடங்கியது. உதவி என்றைக்கும் தொடராது என்பதால் 2003-ல் அது இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு ஆகிய நாடுகளே உறுப்பினராக உள்ள அரசுகளிடை அமைப்பாக மாறியது. 2009 முதல் 2015 வரை எட்டு நாடுகள் சேர்ந்து நடத்திய வங்காள விரிகுடாப் பெருஞ்சூழல் திட்டமும் காலக்கெடு வந்ததும் முடிந்தது. மீன் கணக்குக்குப் பயன் வருவதே பத்து, இருபது ஆண்டுகள் அறுபடாமல் எடுத்தால்தான். நான்கைந்து ஆண்டு எடுத்து நிறுத்திய கணக்கு, பருவத்தின் நடுவில் தண்ணீர் நிறுத்திய வயல்.

வெளியே நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. ஐரோப்பாவில் 1902-லேயே எட்டு நாடுகள் சேர்ந்து கடல் ஆய்வுக்கான கூட்டுக் கழகத்தை அமைத்தன. வட கடலில் ஹெர்ரிங் மீன் அருகியபோது 1977-ல் அதன் பிடிப்பையே நிறுத்தி, வளம் மீண்ட பிறகு திறந்தார்கள். பொதுக் கணக்கு இல்லாமல் எந்த நாடும் தன் மீனவரிடம் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. ஆப்பிரிக்காவில் விக்டோரியா ஏரியைப் பகிரும் கென்யா, தான்சானியா, உகாண்டா ஆகியவை 1994-ல் ஒப்பந்தம் போட்டன. பின்பு 2000 முதல் படகு, வலை, மீனவர் எண்ணிக்கையை மூன்று கரையிலும் ஒரே முறையில் எடுக்கத் தொடங்கின. நம்மைவிட வசதி குறைந்த நாடுகள் அவை.

செலவு எவ்வளவு ஆகும்? ஒரு மனக்கணக்குப் போடலாம். இரு கரையிலும் சேர்த்து 50 கணக்கெடுப்பாளர்கள், ஆளுக்கு மாதம் 25,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி. பயணம், கருவி, கணினி, மேற்பார்வைக்கு அதே அளவு சேர்த்தாலும் 3 கோடி. மேலே சொன்ன திட்டத்தில் ஓர் ஆழ்கடல் படகின் விலை 80 லட்சம் ரூபாயாக இருந்தது. ஆக, நான்கு படகின் விலைக்குள் ஒரு விரிகுடாவின் ஓராண்டுக் கணக்கு முடிந்துவிடும்.

காவிரியில் செய்ததுபோலப் பங்கை எழுதிவைத்து, இரு அரசுகளும் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும். பொறுப்பை, இரு நாடுகளும் உறுப்பினராக உள்ள சென்னை அமைப்பிடமே விடலாம். புதிதாகக் கட்டடம் தேவையில்லை.

பணத்தைவிட முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு: கணக்கெடுப்பவர் வேறு, பிடிப்பவர் வேறு என்று சட்டத்திலேயே பிரித்துவிட வேண்டும். எங்கே வலை போட்டாய் என்ற கேள்விக்குச் சொல்லும் பதில் நாளை வழக்கில் சாட்சியாகும் என்றால் எந்த மீனவரும் உண்மை சொல்லமாட்டார். படகின் பெயர், மீனவர் பெயர் இல்லாமல் கணக்கு மட்டும் இரு நாட்டுக்கும் போக வேண்டும். எடுத்த கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை தமிழில் அச்சிட்டு இரு கரை மீனவர் சங்கங்களுக்கும் கொடுக்க வேண்டும். தனக்குத் திரும்பி வராத கணக்கை யாரும் நம்புவதில்லை. பயிர்க் காப்பீட்டில் நாம் பார்த்தது அது.

பாதுகாப்புக்குக் கேடு என்று ஆட்சேபம் எழலாம். அவரவர் கரையில் அவரவர் ஆட்களே எண்ணப்போகிறார்கள். பொதுவாவது முறையும் அட்டவணையும் மட்டுமே. கணக்கு நமக்கு எதிராகத் திரும்பினால் என்ன செய்வது என்றும் கேட்கலாம். திரும்பக்கூடும். வளம் தீர்ந்த பிறகு அதைத் தெரிந்துகொள்வதைவிட, தீருமுன் தெரிந்துகொள்வது ராமேஸ்வரத்துக்கும் நல்லது, யாழ்ப்பாணத்துக்கும் நல்லது. கணக்கு வந்தால் சண்டை தீர்ந்துவிடும் என்று சொல்லவில்லை. பேச்சு தொடங்க ஓர் இடம் கிடைக்கும்.

நமக்கு என்ன?

கடலே இல்லாத கம்பைநல்லூர்க்காரருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். ராமேஸ்வரம் பக்கம் சங்காயம் என்று சொல்லும் கழிவு மீன் காய்ந்து தூளாகி, கோழித் தீவனத்திலும் மீன் தீவனத்திலும் சேர்கிறது. குஞ்சு மீன்வரை வாரி எடுப்பதால் கிடைக்கும் சரக்கு அது. அந்தக் கடல் வற்றினால் தீவனச் செலவு, கருவாட்டு விலை இரண்டும் நம் வீட்டுக்குத்தான் வந்து சேரும்.

இன்னொன்றும் இருக்கிறது. பிலிகுண்டுலுவில் தண்ணீரை அளக்கிறோம். அதே எல்லையைக் கடந்து அதே ஆற்றில் வரும் மீனை இரு மாநிலமும் சேர்ந்து எண்ணுவதில்லை. நந்தி மலையில் பிறந்து, கெலவரப்பள்ளியில் நுரை சுமந்து, கம்பைநல்லூரை அடுத்து ஓடும் தென்பெண்ணையிலும் இதே நிலைதான்.

ஏரிக் குத்தகைதாரரும் பண்ணைக்குட்டையில் மீன் வளர்ப்பவரும் விட்ட குஞ்சு எத்தனை, பிடித்த எடை எவ்வளவு, எந்தத் தேதி என்ற மூன்றையும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கலாம். விரிவாக்கப் பணியாளர்கள் கிராமத்துக்குப் போகும்போது அந்த நோட்டையும் கேட்டுப் பார்க்கலாம். நம் குட்டையின் மீனை நாம் எண்ணத் தொடங்கினால், கடலின் மீனை எண்ணுங்கள் என்று இரு அரசுகளையும் கேட்க நமக்கும் வாய் இருக்கும்.