பதினைந்தாம் தேதியின் மதிப்பு

ஒவ்வொரு மாதமும் பதினைந்தாம் தேதி நெருங்கும்போது பாலாற்றங்கரைக் கிராமங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: ‘ஏறிவிட்டதா?’ வங்கிக் கணக்கில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வரவாகிவிட்டதா என்பதே அதன் பொருள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிகளுக்குச் செல்லும்போதெல்லாம் இக்கேள்வியை நான் கேட்டிருக்கிறேன். தொகை எவ்வளவு என்பது அங்கே யாருக்கும் பேச்சே அல்ல. எப்போது வரும் என்பதே பேச்சு. சென்னையில் நடக்கும் விவாதமோ நேர்மாறானது. ஆயிரம் போதுமா, அதிகமா, இலவசமா, உரிமையா என்றே நாம் வாதிட்டுக்கொண்டிருக்கிறோம்.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட இத்திட்டத்துக்குச் சுமார் 1.63 கோடிப் பேர் விண்ணப்பித்தனர், 1.06 கோடிப் பேர் தகுதியுடையோராக ஏற்கப்பட்டனர். 2025 டிசம்பரில் நடந்த விரிவாக்கத்துக்குப் பின் பயனாளிகளின் எண்ணிக்கை சுமார் 1.30 கோடியானது. ஆளுக்கு ஆண்டுக்கு ரூ.12,000 என்றால் அரசின் செலவு ரூ.15,600 கோடி. இவ்வளவு பெரிய தொகையைக் கேள்வி கேட்பது தவறல்ல. ஆனால், கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் தவறானதாக இருக்கிறது.

‘பெண்கள் இப்பணத்தை வீணாக்கிவிட மாட்டார்களா?’ என்பது அவற்றில் முதன்மையானது. இதற்கு விடை கிடைத்து ஆண்டுகள் பல ஆகின்றன. உலக வங்கியைச் சேர்ந்த டேவிட் எவான்ஸ், அன்னா போபோவா ஆகியோர் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியிட்ட அறிக்கை, நேரடிப் பண உதவியால் மது, புகையிலைச் செலவு கூடுவதில்லை என்று காட்டியது. நம் நாட்டிலேயே, 2011-12இல் ‘சேவா’ அமைப்பு யுனிசெஃப் உதவியுடன் மத்தியப் பிரதேசக் கிராமங்களில் ஒரு சோதனையை நடத்தியது. நிபந்தனை ஏதுமின்றி, பெரியவர்களுக்கு மாதம் ரூ.200, குழந்தைகளுக்கு ரூ.100 எனத் தொடங்கிப் பின்னர் ரூ.300, ரூ.150 ஆக உயர்த்தப்பட்டது. பணம் பெற்றவர்கள் சோம்பேறிகள் ஆகிவிடவில்லை. கூலிக்குக் கட்டுண்டு கிடந்த பலர் சொந்த நிலத்துக்கும் ஆடு மாடு வளர்ப்புக்கும் திரும்பினார்கள் என்பதே அதில் கவனிக்கத்தக்க முடிவு.

தோல் தொழில் வட்டாரத்துக்கு அந்த முடிவை அப்படியே பொருத்திவிட முடியாது. இங்கே திரும்பிச் செல்ல நிலம் இல்லை; இருந்தாலும் அது பழைய நிலம் இல்லை. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இவ்வட்டாரத்தில் ஒரு குடும்பத்தின் வருமானம் ஒரே வாய்க்காலில் வருவதில்லை. கணவர் தோல் பதனிடும் ஆலையில் நாள் கூலி. மகள் காலணி ஆலையில் தையல் பிரிவு. தாய் வீட்டிலிருந்தபடி காலணியின் மேற்பகுதியைக் கையால் தைத்துக் கொடுப்பார். ‘அப்பர்’ என்று தொழிலாளர்கள் சொல்லும் இப்பகுதி முகவர் வழியாக மூட்டையாக வீட்டுக்கு வந்து, தைக்கப்பட்டு, மூட்டையாகவே திரும்பும். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஊசியும் கண் பார்வையும் தைப்பவருடையவை. வருங்கால வைப்பு நிதி கிடையாது, ஈ.எஸ்.ஐ. கிடையாது, இந்த நிறுவனத்துக்கு வேலை செய்தேன் என்று காட்ட ஒரு துண்டுச்சீட்டும் கிடையாது. குடியாத்தம் பக்கம் சென்றால் காலணியின் இடத்தில் பீடியும் தீப்பெட்டியும் இருக்கும், கணக்கு ஒன்றுதான்.

இந்த வருமானத்தின் குறை அது சிறியது என்பது மட்டுமன்று. எப்போது வரும் என்று தெரியாது என்பதும்தான். ஐரோப்பாவில் பருவம் மாறினால் மூட்டை வராது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது, ஏற்றுமதியாளர்களின் கவலை நாளிதழ்களின் வணிகப் பக்கங்களை நிரப்பியது. வீட்டில் தைப்பவருக்கு அச்செய்தி வேறு வடிவில் வந்து சேர்கிறது: முகவர் இந்த வாரம் வரவில்லை. வரியை ஏற்றுவதும் இறக்குவதும் வாஷிங்டனில் முடிவாகின்றன. வராத மூட்டைக்கு யாரிடம் காரணம் கேட்பது?

ஆனால், கடன் தவணை வாரந்தவறாமல் வருகிறது. நுண்கடன் நிறுவனங்களின் வாராந்திர வசூல் வட மாவட்டக் கிராமங்களின் நாட்காட்டியையே மாற்றி அமைத்திருக்கிறது. வசூலில் நடந்த அத்துமீறல்களைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஒழுங்கற்ற வரவுக்கும் ஒழுங்கு தவறாத தவணைக்கும் இடையில் சிக்கிய குடும்பத்துக்கு, தேதி குறித்து வரும் ஆயிரம் ரூபாய் எதைச் செய்கிறது? பத்து வட்டிக்குக் கைமாற்று வாங்கும் அந்த ஒரு வாரத்தைக் கடக்க உதவுகிறது. கடைக்காரர் அந்தத் தேதியை நம்பிக் கடன் தருகிறார். முகவர் சொல்லும் முதல் விலைக்கே தலையாட்டாமல் இரண்டு நாள் பொறுத்திருக்கும் தெம்பும் சிலருக்கு வாய்க்கிறது. நான் பேசிய பெண்களில் பலர் பணத்தைப் பிரித்துச் சொன்ன விதமும் ஏறக்குறைய ஒன்றே: குழுத் தவணைக்குப் பாதி, மாமியாரின் மாத்திரைக்குக் கொஞ்சம், மிச்சம் எரிவாயுவுக்கு. திட்டம் தொடங்கிய மாதத்தில் சென்னையில் ஓர் எரிவாயு உருளையின் விலை ரூ.918.50 என்பதை நினைவில் கொண்டால், அந்த ‘மிச்சம்’ எவ்வளவு என்பது விளங்கும்.

ஆகவேதான் அவ்வப்போது அறிவிக்கப்படும் பெரிய தொகைகளைவிட இந்தச் சிறிய தொகை மேலானது என்று கருதுகிறேன். பொங்கல் பரிசுடன் 2021இல் ரூ.2,500 வந்தது; 2023இலும் 2024இலும் ரூ.1,000, 2025இல் ரொக்கமே இல்லை. பெருந்தொற்றின்போது 2021 மே, ஜூன் மாதங்களில் அரிசி அட்டைதாரர்களுக்கு இரு தவணைகளில் தரப்பட்ட ரூ.4,000 பல வீடுகளில் அடுப்பை எரியவைத்தது, மறுக்கவில்லை. ஆனால், வருமா வராதா என்று தெரியாத பணத்தை நம்பி எவரும் கடைக்காரரிடம் வாக்குக் கொடுக்க முடியாது. அந்த ஒழுங்கை வங்கிகளே குலைத்ததும் உண்டு. திட்டம் தொடங்கிய முதல் மாதத்திலேயே, குறைந்தபட்ச இருப்பு இல்லை, பழைய கடன் பாக்கி என்று காரணம் காட்டிச் சில வங்கிகள் இத்தொகையில் கைவைத்தன. அரசு எச்சரிக்க வேண்டியதாயிற்று.

பண உதவி இவ்வட்டாரத்துக்குப் புதிதல்ல. வேறொரு தொகையும் இம்மக்களுக்கு வர வேண்டியிருந்தது. தோல் கழிவால் பாலாறும் கிணறுகளும் நிலங்களும் கெட்ட வழக்கில், வேலூர் குடிமக்கள் நலமன்றத்தின் மனு மீது உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் அது பாடமாகிறது. அதன்படி அமைந்த சூழல் இழப்பீட்டு ஆணையம் 2001இல் 547 ஆலைகளைப் பொறுப்பாக்கி, 29,193 பேருக்கு ரூ.26.82 கோடி இழப்பீடு தர ஆணையிட்டது. 1991 ஆகஸ்ட் முதல் 1998 இறுதி வரையிலான சேதத்துக்கான கணக்கு அது. வகுத்துப் பார்த்தேன்: ஒருவருக்குச் சராசரியாக ரூ.9,200க்கும் குறைவு. மாதக் கணக்கில் சுமார் 103 ரூபாய். தென்னையும் நெல்லும் விளைந்த நிலத்துக்கான மாத ஈடு அது. அதுவும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. இன்னும் கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரங்களில் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட்டது 2025 ஜனவரி 30இல். முதல் தீர்ப்பு வந்து 28 ஆண்டுகளுக்குப் பிறகு.

இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஓர் அச்சம் ஏற்படுகிறது. ஒன்று, அரசு தன் கருவூலத்திலிருந்து நிபந்தனைக்குட்பட்டுத் தருவது. மற்றொன்று, தீங்கு செய்தவர் தர வேண்டிய கடன். முன்னது மாதந்தோறும் வந்துகொண்டிருப்பதால் பின்னதைக் கேட்கும் குரல் தளர்ந்துவிடக் கூடாது. கூலி விஷயத்திலும் இதே அபாயம் உண்டு. வீட்டில் தைக்கும் பெண்ணுக்கு ஜோடிக் கூலியை உயர்த்த வேண்டிய பொறுப்பு நிறுவனத்துடையது. அரசுதான் ஆயிரம் தருகிறதே என்று அந்தப் பொறுப்பு நழுவுமானால், மக்கள் வரிப்பணம் ஏற்றுமதி லாபத்துக்கு மானியமாகிவிடும். அப்படி நடந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. நடப்பதைத் தடுக்க இப்போது எந்த ஏற்பாடும் இல்லை என்றே சொல்கிறேன்.

இத்திட்டத்தின் தகுதி விதி ஒன்று இவ்வட்டாரத்தில் வினோதமாக வேலை செய்வதையும் குறிப்பிட வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. கணவனும் மனைவியும் காலணி ஆலையில் தலா ரூ.10,500 ஊதியம் பெற்றால் ஆண்டு வருமானம் ரூ.2.52 லட்சம். இரண்டாயிரம் ரூபாய் கூடுதல்; ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் இழப்பு! ஊதியச் சீட்டும் வைப்பு நிதி எண்ணும் உள்ள இவர்களின் வருமானம் எழுத்தில் இருக்கிறது, மறைக்க வழியில்லை. ஊரில் வட்டிக்கு விடுபவரின் வருமானம் எந்தத் தாளிலும் இல்லை. விண்ணப்பத்துக்கு வருமானச் சான்று தேவையில்லை என்று அரசு அறிவித்தது நல்ல எண்ணத்தில்தான். ஆயினும், உண்மையை எழுதுபவரே இந்த விதியில் மாட்டிக்கொள்கிறார். முறைசாரா வேலையிலிருந்து முறைசார்ந்த வேலைக்குப் பெண்கள் வர வேண்டும் என்று ஒருபுறம் விரும்பும் அரசு, மறுபுறம் வந்தவர்களைத் தண்டிக்கும் விதியை வைத்திருப்பது முரண். நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் தந்து வேலைக்கு அனுப்பிவிட்டு, வேலைக்குப் போனதற்காக உரிமைத் தொகையை மறுப்பதை எப்படி விளக்குவது?

இதைச் சரிசெய்யப் பெரும் நிதி தேவையில்லை. குறைந்தபட்ச ஊதிய அளவில் பெறும் ஊதியத்தைக் குடும்ப வருமானக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். அல்லது, அந்த வரம்பை ஆண்டுதோறும் விலைவாசியுடன் சேர்த்து உயர்த்தலாம். ஊதியம் பெயரளவில் உயர உயர, 2023இல் வைத்த வரம்பு ஒவ்வோர் ஆண்டும் சில குடும்பங்களை ஓசையின்றி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். தொகைக்கும் இதுவே பொருந்தும். 2021 தேர்தல் அறிக்கையில் ஆயிரம் ரூபாய்க்கு இருந்த மதிப்பு இன்று இல்லை. ஒவ்வொரு தேர்தலிலும் கட்சிகள் ஏலம் போல் உயர்த்திச் சொல்வதைக் காட்டிலும், விலைவாசிக் குறியீட்டுடன் இணைத்துவிடுவது கௌரவமானது.

வீட்டிலிருந்து தைப்பவர்களைப் பொறுத்தவரை வேலை இன்னும் எளிது. காலணி, தோல் பொருள் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் ஒரு நல வாரியமே இருக்கிறது. உரிமைத் தொகைக்காக அரசு ஏற்கெனவே வீடு வீடாகத் தகவல் திரட்டியிருக்கிறது. பெயர், முகவரி, வங்கிக் கணக்கு எல்லாம் கையில் உள்ளன. ‘வீட்டில் என்ன வேலை செய்கிறீர்கள், யாருக்காகச் செய்கிறீர்கள்?’ என்ற இரு கேள்விகளை அந்தப் பட்டியலுடன் சேர்த்துக் கேட்டால், ஆம்பூர்ச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை பெண்கள் எந்த நிறுவனத்தின் காலணியைத் தைக்கிறார்கள் என்பது முதன்முறையாக அரசின் பதிவேட்டில் ஏறும்.