சூரியன் மேல் பழி போடாதீங்க

"சூரியனே சூடாகிட்டான், நாம என்ன செய்ய முடியும்?" அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மழையைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்படி ஒரு குரல் வரும். "இல்லப்பா, சூரியன் தணியப் போகுதாம், குட்டிப் பனியுகம் வருதாம்" என்று இன்னொருத்தர் செல்போனை நீட்டுவார். இரண்டு பேச்சும் கடைசியில் போய் நிற்பது ஒரே இடத்தில்தான்: நம் கையில் ஒன்றுமில்லை. மானாவாரிச் சம்சாரியைக் கைகட்டி உட்கார வைக்கிற பேச்சு இது. சூரியனின் பழைய கணக்கு மரத்திலும் பனியிலும் எழுதிக் கிடக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோமே.

சூரியனையும் மழையையும் முடிச்சுப் போடுவது புதிதல்ல. சூரியனில் தெரியும் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறையும். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது, சென்னையின் மழைக் கணக்கை வைத்து, புள்ளி குறைந்தால் மழையும் குறையும் என்று எழுதினார் வில்லியம் ஹண்டர் என்ற ஆங்கிலேய அதிகாரி. சூரியனைப் படித்தால் பருவமழை பிடிபடும் என்ற நம்பிக்கையும் சேர்ந்துதான் 1899இல் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் வந்தது. 1904 முதல் அங்கே சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள்.

ஆனால் இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், 1915இல் புள்ளிக் கணக்கையும் மழைக் கணக்கையும் ஒப்பிட்டபோது, மழையை முன்கூட்டிச் சொல்லும் அளவுக்கு உறவு ஏதும் அகப்படவில்லை. பசிபிக் கடல் பக்கத்துக் காற்றழுத்த மாற்றத்தில்தான் அவருக்குத் துப்பு கிடைத்தது. இன்று எல் நினோ என்று நாம் பேசுவதற்கு அதுவே அடிப்படை. 1877இல் வந்ததும் மிக வலுவான எல் நினோதான்.

நம் காலத்தையே பாருங்கள். 2008 கடைசியில் சூரியனில் புள்ளி அடிமட்டத்தில் இருந்தது. அந்த நவம்பரில் நிஷா புயல் டெல்டாவை மூழ்கடித்தது. 2023 டிசம்பரில் புள்ளி உச்சத்தை நெருங்கிக் கொண்டிருந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2016இல் புள்ளி உச்சமும் இல்லை, அடிமட்டமும் இல்லை. தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. புள்ளியைப் பார்த்து விதைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

படம் எடுக்காத காலத்துச் சூரியனை எப்படி அறிவது? விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் மேல் காற்றில் மோதி கார்பன்-14, பெரிலியம்-10 போன்ற அணுக்களை உண்டாக்குகின்றன. சூரியன் துடிப்பாக இருந்தால் அதன் காந்தப்புலம் அந்தக் கதிர்களை விலக்கிவிடும், அணுக்கள் குறையும். சூரியன் அடங்கியிருந்தால் அவை கூடும். கார்பன்-14ஐ மரம் மூச்சோடு வாங்கி அந்தந்த ஆண்டு வளையத்தில் பூட்டி வைக்கிறது. பெரிலியம்-10 துருவப் பனியில் அடுக்கடுக்காகப் படிகிறது. காற்றில் இந்த அணுக்கள் எவ்வளவு உருவாகும் என்று கணக்கிட்ட முன்னோடிகளில் நம் நாட்டு தேவேந்திர லாலும் ஒருவர். இப்படிச் சுமார் 11,000 ஆண்டுக் கணக்கு கிடைத்திருக்கிறது. 1645 முதல் 1715 வரை சூரியன் அடங்கிக் கிடந்ததும் அதில் பதிந்திருக்கிறது.

பனையை அறுத்தால் ஆண்டு வளையம் இருக்காது. இலையுதிர்க்கும் தேக்கில் தெளிவாக இருக்கும். கேரளத்துத் தேக்கு வளையங்களிலிருந்து 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுக் கணக்கை எடுத்திருக்கிறார்கள். எல் நினோவால் மழை குறைந்த ஆண்டுகளில் வளையம் ஒடுங்கியிருக்கிறது. வளையத்துக்குள் இருக்கும் அணு சூரியனைச் சொல்கிறது. வளையத்தின் அகலம் மழையைச் சொல்கிறது. இரண்டையும் குழப்பக் கூடாது.

சரி, வெப்பம் கூடுவது யாரால்? 11 ஆண்டுச் சுற்றில் சூரிய ஒளி மாறுவது ஆயிரத்தில் ஒரு பங்குதான். 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளக்கின்றன. சூரியன் கூடிக்கொண்டே போகவில்லை. பூமியின் சூடு மட்டும் ஏறுகிறது. மர வளையம் இன்னொரு சாட்சியும் சொல்கிறது. நிலக்கரியும் பெட்ரோலும் கோடிக்கணக்கான ஆண்டுப் பழசு. அவற்றில் கார்பன்-14 மிச்சமில்லை. அவற்றை எரிக்க எரிக்க, காற்றில் கார்பன்-14 விகிதம் இறங்கியது. அணுகுண்டுச் சோதனைகளுக்கு முன்பு வளர்ந்த வளையங்களிலேயே அந்த இறக்கம் தெரிந்ததை 1955இல் ஹான்ஸ் சூஸ் காட்டினார். சூரியனை விடுவித்த அதே கணக்குப் புத்தகம் புகைபோக்கியைக் கைகாட்டுகிறது.

நாம் எரித்தது பெரும்பங்கு இல்லைதான். ஆனாலும் யூரியா செய்யவே எரிவாயு வேண்டும். அதை விட்ட சம்சாரி அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்துவிட்டான். மட்கு நிறைந்த கரிசல் ஒரு மழையைக் கூடுதல் நாள் வைத்துத் தாங்கும். குதிரைவாலி, உளுந்து, தட்டை, ஆமணக்கு என்று கலந்து போட்டவனுக்கு ஒன்று போனாலும் ஒன்று வீடு வரும். கண்மாய்க் கரம்பையை அள்ளி நிலத்தில் போடுவதும், வரத்துக்காலில் சீமைக்கருவேலை வேரோடு எடுப்பதும் நம் கைக்கு எட்டிய வேலைகள்.

ஒரு கோரிக்கையும் உண்டு. அருப்புக்கோட்டையில் பெய்த மழை திருச்சுழியில் பெய்யாது. திருச்சுழியில் பெய்தது பக்கத்து ஊருக்குக் கிடைக்காது. ஊராட்சிக்கு ஒரு மழைமானி வைத்து, அன்றன்றைய அளவை ஊருக்குத் தெரியும்படி எழுதிப் போட வேண்டும். கிராம சபையில் இதைக் கேட்போம். வரும் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் நிலத்து மழையை இந்த ஐப்பசியிலிருந்தே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மரம் ஐந்நூறு வருஷம் கணக்கு வைத்திருக்கிறது. நாம் ஒரு முப்பது வருஷத்துக்காவது வைத்தால், அடுத்து உழுகிற பிள்ளைகளுக்கு ஆகும்.