பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் பெறுமதி

தமிழாசிரியருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் யாது தொடர்பு எனச் சிலர் வினவுதல் கூடும். வினா தகுதியுடையதே. நாம் நாடோறும் சைக்கிளிலே கல்லூரிக்கு வந்து மீள்பவர். எனினும், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் எம் பழைய மாணவர் விடுமுறையில் வந்து எம்மோடு அளவளாவும்போது, வீடு, காணி, பிள்ளைகளின் படிப்பு என்பவற்றை அடுத்துப் பழைய கார்களைப் பற்றிய பேச்சும் இப்பொழுது அடிபடுகின்றது. "சேர், அது வெறும் கார் அல்ல, முதலீடு" என்கின்றனர். அந்தச் சொல்லே இக்கட்டுரையை எழுதும்படி எம்மைத் தூண்டிற்று. சொல்லின் பொருளை ஆராய்தல் எம் தொழிலாதலின், 'முதலீடு' என்னும் சொல் இவ்விடத்துப் பொருந்துமோ என்று நாம் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போமாக.

அவர்களை மயக்குவன ஏலச் செய்திகளே. 1955ஆம் ஆண்டில் இரண்டே இரண்டாகச் செய்யப்பட்ட மேர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல்.ஆர். கூப்பே கார்களுள் ஒன்று, 2022ஆம் ஆண்டு மே மாதம் ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரிலே 13.5 கோடி யூரோவுக்கு விலைபோயிற்று. 1962 முதல் 1964 வரை நாற்பதுக்கும் குறைவாகவே செய்யப்பட்ட பெராரி 250 ஜி.ரி.ஓ. வகையிலே ஒரு வண்டி, 2018ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் 4.84 கோடி டொலருக்கு ஏலம் போயிற்று. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பர் எம்மவர். ஆனால் அந்த யானை உயிரோடிருக்கும் நாளெல்லாம் தின்னும் தீனியைப் பற்றி அப்பழமொழி வாய்திறப்பதில்லை. ஏலச் செய்தியும் அத்தகையதே.

கோடிகளை விடுத்து, மத்திய வகுப்பார் கனவு காணக்கூடிய ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். ஜகுவார் ஈ-ரைப் 1961ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஜெனீவாக் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. இங்கிலாந்தில் அதன் அன்றைய விலை இரண்டாயிரம் பவுணுக்குச் சிறிது மேல். செம்மையாகப் பேணப்பட்ட தொடக்ககால வண்டி இன்று ஓரிலட்சம் பவுணையும் தாண்டி விற்கப்படுவதுண்டு. ஐம்பது மடங்கு என்று வியப்பவர், இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் பவுணின் வாங்குந்திறன் இருபதில் ஒரு பங்கினும் கீழாகத் தேய்ந்துவிட்டதை மறந்துவிடுகின்றனர். அன்றைய இரண்டாயிரம் பவுண் இன்றைய நாற்பதினாயிரத்துக்கும் மேலாகும். அவ்வாறு பார்க்கின், ஐம்பது மடங்கு இரண்டரை மடங்கினும் குறைவாகச் சுருங்கிவிடும். அதுவும் அறுபது ஆண்டுகள் கறளேறாமற் காத்தவருக்கே. விலை என்றும் ஏறுமுகமாகவே இருந்ததுமன்று. 1980களின் இறுதியில் வெறியோடு ஏறிய விலைகள் 1990களின் தொடக்கத்திற் சரிந்து, உச்சத்தில் வாங்கியவர் பலரை வருத்தின.

இனிப் பேணும் செலவுக்கு வருவோம். 1962 முதல் 1980 வரை அபிங்டன் நகரிலே செய்யப்பட்ட எம்.ஜி.பி. என்னும் கார், இவ்வகையில் எளியவர் வாங்கத்தக்கது. ஐந்திலட்சத்துக்கும் மேற்பட்டவை வெளிவந்தமையால் உதிரிப்பாகங்களுக்குக் குறைவில்லை. முழு உடற்கூடும் 1988 முதல் புதிதாகவே செய்து விற்கப்படுகின்றது. எனினும் அவ்வண்டிக்கு வலிமை தருவது கதவுகளின் கீழ் நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பெட்டிகளே. அவை உள்ளிருந்து கறள் பிடிக்கும். மேலே பளபளக்கும் பூச்சைக் கண்டு வாங்கியவர், கீழே தகடு வெட்டி ஒட்டும் வேலைக்கு வண்டியின் விலையிற் பெரும்பங்கை இறைக்க நேரும். முன் சில்லுகளின் அச்சாணிகளுக்கு மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் ஏற்ற வேண்டும். ஈயம் கலந்த பெற்றோல் இங்கிலாந்தில் 1999ஆம் ஆண்டின் முடிவோடு நின்றுபோனமையால், வால்வு இருக்கைகளை வன்மையானவையாக மாற்றுவித்தவர் பலர். 2021 முதல் அங்கே பொது எரிபொருளாகிவிட்ட, பத்து வீதம் வரை எத்தனோல் கலந்த பெற்றோல் பழைய றப்பர்க் குழாய்களை அரித்துவிடுமென்று அஞ்சி, விலைகூடிய பெற்றோலையே நாடுவோரும் உளர்.

சலுகைகளும் உண்டென்பதை மறைத்தல் முறையன்று. நாற்பதாண்டு கடந்த வண்டிக்கு இங்கிலாந்தில் வீதி வரி இல்லை. பெரிதாக மாற்றியமைக்கப்படாததாயின் ஆண்டுப் பரிசோதனையும் கட்டாயமில்லை. விற்று இலாபம் கண்டாலும் மூலதன இலாப வரி பெரும்பாலும் அணுகாது. இவற்றையெல்லாம் வரவிலே வைத்தே எழுதுவோம்.

ஒருவர் இருபதினாயிரம் பவுணுக்கு ஒரு வண்டி வாங்கினார் என்று கொள்வோம். காப்புறுதி, கொட்டில் வாடகை, பராமரிப்பு, உதிரிப்பாகம் என்று ஆண்டுக்கு இரண்டாயிரமாகப் பத்தாண்டுகள் செலவிட்டார். அது இருபதினாயிரம். இடையிலே தகர வேலைக்கும் பூச்சுக்கும் ஒருமுறை எண்ணாயிரம் போயிற்று. ஆக நாற்பத்தெண்ணாயிரம். பின் முப்பதினாயிரத்துக்கு விற்றார். அயலவரிடம் அவர் சொல்வது, "பதினாயிரம் இலாபம்" என்பது. அவரது கணக்குப் புத்தகம் சொல்வது, பதினெண்ணாயிரம் நட்டம் என்பது. முதற்பணத்தை வங்கியிலிட்டிருந்தால் வந்திருக்கும் வட்டியை நாம் இன்னும் சேர்க்கவில்லை.

ஆயின் அவர் ஏமாந்தவரா? அங்கேதான் எம் கருத்து வேறுபடுகின்றது. அவர் ஆண்டுக்கு ஈராயிரம் மைல் அவ்வண்டியை ஓட்டி, மனைவி மக்களோடு மலைச்சாரலும் கடற்கரையும் கண்டிருந்தால், எரிபொருள் நீங்கலாக, மைலுக்கு ஒரு பவுணும் ஆகவில்லை. விரும்பிச் செய்த ஒரு செலவுக்கு அது மிகையன்று. விலை குறைந்துவிடுமென்று அஞ்சிச் சீலையால் மூடிவைத்து, ஆண்டுக்கு நூறு மைல் மட்டும் ஓட்டியிருந்தாலோ, மைலுக்குப் பதினெட்டுப் பவுண். நட்டம் இரண்டிடத்தும் ஒன்றே. முன்னவருக்கு அந்நட்டத்துக்கு ஈடாக இருபதினாயிரம் மைல் அனுபவம் கிடைத்தது. பின்னவருக்குக் கிடைத்தது கவலை. ஓடாத காரும் தேயவே செய்கின்றது. பிறேக் எண்ணெய் ஈரத்தை ஈர்க்கும், பெற்றோல் கெடும், றப்பர் வெடிக்கும், பற்றறி இறக்கும். கற்ற கல்வி பயன்படுத்தாவிடத்து மங்குவதுபோல இதுவும் மங்கும்.

ஈண்டு ஒரு பள்ளியின் வரலாற்றைக் கூறுதல் பொருந்தும். மேலே சொன்ன பெராரி 250 ஜி.ரி.ஓ. வகையைச் சேர்ந்த வண்டியொன்று, 1960களிலே பந்தயங்களில் ஓடி முடிந்தபின், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து விக்டோரியா நகர உயர்நிலைப் பள்ளிக்கு, மாணவர் மோட்டார்த் தொழில் பயிலுமாறு நன்கொடையாக வழங்கப்பட்டது. 1972ஆம் ஆண்டில் பள்ளி அதனை 6,500 டொலருக்கு விற்றது. வாங்கியவர் பல ஆண்டுகள் அதனை ஒரு வண்டிச்சட்டத்தின்மேல் ஏற்றித் திறந்த வெளியிலே விட்டிருந்தார். இன்று அவ்வகை வண்டிகள் கோடிக்கணக்கில் விலைபோவதைக் கண்டு, அப்பள்ளியை நகையாடுவோர் உளர். நாம் அவரோடு உடன்படோம். காத்திருந்து கோடீசுவரராதல் பள்ளியின் கடமையன்று. வந்த பொருளை மாணவர்க்குப் பயன்படுத்துதலே அதன் கடமை. ஸ்ருட்காட்டில் விற்ற மேர்சிடிஸ் காரின் பணமும், இளைஞர்க்குச் சுற்றாடலியல் துறைகளிற் புலமைப்பரிசில் வழங்கும் நிதியொன்றுக்கே ஒதுக்கப்பட்டது. காரின் பெறுமதி கல்வியாக மாறிய இவ்விரண்டு செய்திகளும் ஆசிரியராகிய எமக்கு உவப்பானவை.

எம் மண்ணுக்கும் இதிலே ஒரு பங்கு உண்டு. 1958இல் வெளிவந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்னும் சிறு ஸ்போர்ட்ஸ் காரை இன்று சேகரிப்போர் தேடித் திரிகின்றனர். அதன் முன்மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளேயிருப்பது, 1956இல் வந்த மொறிஸ் மைனர் 1000 கொண்டிருந்த அதே 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினே. காபுறேற்றர் ஒன்றுக்கு இரண்டாயிற்று. வேறு சில திருத்தங்களும் பெற்றது. அந்த மொறிஸ் மைனரை யாழ்ப்பாணத்திலே அறியாதார் யார்? 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அருகிய நாளிலே, சொட்டுப் பெற்றோலால் உயிர்ப்பித்து, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட வைத்தனர் எம் ஊர் மெக்கானிக்குகள். நோயாளரை ஆசுபத்திரிக்குக் கொண்டு சென்றனவும் மணமக்களை ஏற்றிச் சென்றனவும் அக்கார்களே. அவற்றை எவரும் முதலீடு என்று அழைத்ததில்லை. ஆயினும் அவற்றின் பெறுமதியை அன்று அறியாதவரும் இல்லை.

அக்கைத்திறன் உடையோர் இப்பொழுது முதுமையடைந்து வருகின்றனர். வால்வு இடைவெளியைத் தகடு வைத்துப் பார்த்துச் சீர்செய்யவும், காபுறேற்றரைச் செவியாலே கேட்டுத் திருத்தவும் வல்ல கைகள் குறைந்து வருகின்றன. கணினி பூட்டிப் பிழை காணும் புதிய தலைமுறைக்கு அத்திறன் தானே வந்து வாய்க்காது. பழைய காரைக் காசுக்கு வாங்கலாம். அதனைத் திருத்தும் அறிவைப் பயின்றாலன்றிப் பெறுதல் இயலாது. அவ்வறிவு அற்றுப்போகும் நாளில் ஓரிலட்சம் பவுண் பெறும் காரும் ஓட்டமின்றி நிற்கும் அலங்காரப் பொருளாகிவிடும். எனவே இக்கார்களின் பெறுமதியிற் பெரும்பங்கு அவற்றைத் திருத்துவோரிடமே தங்கியுள்ளது என்பது எம் துணிபு.

ஆதலின் பழைய மாணவராகிய அன்பர்க்கு நாம் சொல்வது இது. விரும்பின் வாங்குங்கள், எம்மிடம் தடையில்லை. ஆனால் இலாபத்தை நம்பி வாங்காதீர்கள், கடன்பட்டும் வாங்காதீர்கள். வாங்குமுன் பூச்சைப் பாராது அடித்தகட்டைப் பாருங்கள். விலை எவ்வளவோ அவ்வளவு தொகை மீண்டும் பத்தாண்டுகளிற் செலவாகுமென்று முன்னரே எண்ணிக்கொள்ளுங்கள். வாங்கியபின் ஓட்டுங்கள். திருத்துவோரின் கூலியிற் பேரம் பேசாதீர்கள். அவருக்கு ஒரு மாணாக்கன் இருக்கின்றானா என்றும் கேளுங்கள். இல்லையாயின், எம் கல்லூரி மாணவன் ஒருவன் விடுமுறை நாட்களில் அவரிடம் சென்று பயில உதவுங்கள். அவ்வுதவிக்கு இடும் பணத்தை முதலீடு என்று அழைப்பீராயின், அச்சொல்லிலே நாம் பிழை காணமாட்டோம்.