கொடுமை வேறு, தீட்டு வேறு: வாத்து ஈரலும் மாட்டுக்கறியும்

சாதி பற்றி மாணவர்களோடு பேசும் கூட்டங்களில் மாட்டுக்கறி பற்றிய கேள்வி வராமல் இருப்பதில்லை. முன்பெல்லாம் "சாப்பிடலாமா?" என்று கேட்பார்கள். இப்போது கேட்பது வேறு: "உணவு எங்கள் உரிமை என்கிறோம், சரி. ஆனால் விலங்கை வதைப்பது தப்பு என்று ஒருவர் சொன்னால், அவரையும் பார்ப்பனியவாதி என்று தள்ளிவிடலாமா?"

தள்ளிவிடக் கூடாது என்பதுதான் என் பதில். ஆனால் அவர் பேசுவது கொடுமை பற்றியா, தீட்டு பற்றியா என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே சொற்களில்தான் பேசப்படுகின்றன. அதனால்தான் குழப்பம்.

ஃபுவா கிரா என்ற பிரெஞ்சு உணவை எடுத்துக்கொள்வோம். வாத்தின் கொழுத்த ஈரல் அது. வாத்தின் தொண்டைக்குள் குழாயை இறக்கி, தினமும் இரண்டு மூன்று முறை, ஏறக்குறைய இரண்டு வாரம் தீவனத்தைத் திணிப்பார்கள். ஈரல் இயல்பான அளவைவிடப் பல மடங்கு வீங்கிவிடும். அந்த வீக்கத்துக்குத்தான் விலை. பிரான்ஸ் 2006இல் இதைத் தன் பண்பாட்டுப் பாரம்பரியம் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தது. இந்தியா 2014 ஜூலையில் இதன் இறக்குமதியைத் தடை செய்தது.

அந்தத் தடையில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது உண்மையிலேயே கொடுமை. ஆனால் அந்தத் தடையால் இங்கே யாருக்கு என்ன நட்டம்? சில நட்சத்திர ஓட்டல்களின் மெனுவில் ஒரு வரி போனது, அவ்வளவுதான். அதே நாட்டில் முட்டைக் கோழியை ஒரு ஏ4 தாள் அளவு இடம்கூடக் கிடைக்காத கம்பிக் கூண்டில் வாழ்நாள் முழுக்க அடைக்கிறோம். நாமக்கல் பக்கம் போனவர்களுக்கு அந்தக் கூண்டு வரிசை தெரியும். 2017இல் சட்ட ஆணையம் தன் 269ஆவது அறிக்கையில் இதைப் பற்றி விரிவாகப் பேசி, வரைவு விதிகளையும் கொடுத்தது. கூண்டுகள் அப்படியேதான் இருக்கின்றன. பெரும் முதலீடு இருக்கும் இடத்தில் கருணைக்கு அவசரம் இல்லை.

அவசரம் வந்தது மாட்டுக்குத்தான். 2017 மே 23 அன்று ஒன்றிய அரசு கால்நடைச் சந்தைகளுக்கான விதிகளை அறிவித்தது. சந்தையில் விற்கும் மாடு இறைச்சிக்காக அல்ல என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது. இந்த விதிகள் எந்தச் சட்டத்தின் கீழ் வந்தன தெரியுமா? 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ். அந்தச் சட்டமோ, தேவையற்ற வலி இல்லாமல் உணவுக்காக விலங்கைக் கொல்வதைக் குற்றம் என்று சொல்லவே இல்லை. வதையைத் தடுக்க வந்த சட்டத்தை உணவைத் தடுக்கத் திருப்பினார்கள். மதுரை உயர் நீதிமன்றக் கிளை ஒரே வாரத்தில் இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் விரித்தது. இதற்கிடையில் சென்னை ஐஐடியில் மாட்டுக்கறி சாப்பிட்டுப் போராடிய ஆய்வு மாணவர் ஒருவர் தாக்கப்பட்டுக் கண்ணில் காயம் அடைந்தார்.

இதை நம் தென்காசி மண்ணில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். பால் வற்றிய மாட்டையும், உழவுக்குத் தேவைப்படாத காளைக் கன்றையும் விற்ற காசில்தான் சிறு விவசாயி அடுத்த மாடு வாங்குகிறார். அப்படி விற்ற மாடுகள் புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகின்றன. பால், தயிர், நெய் எல்லாம் வேண்டும், ஆனால் அந்த மாடு கசாப்புக்குப் போகக் கூடாது என்றால், கடைசிவரை அதற்குத் தீவனம் போடுவது யார்? பால் குடித்தவர் கை கழுவிக்கொள்கிறார். வளர்த்தவருக்குக் கடன். அறுத்தவருக்கும் தோல் உரித்தவருக்கும் அடி. 2016இல் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அங்கே வதைபட விலங்கே இல்லை. அது ஏற்கெனவே செத்துப்போயிருந்தது.

தீட்டுக்கு அசல் எடுத்துக்காட்டு ஆம்பூர். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அங்கே பிரியாணித் திருவிழா அறிவித்தது. கோழிக்கும் ஆட்டுக்கும் இடம் உண்டு, மாட்டுக்கு இல்லை. கோழிக்கு வலிக்காதா? இதை ஏன் பாகுபாடாகக் கருதக் கூடாது என்று கேட்டு, தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியருக்கு நோட்டீஸ் அனுப்பியது. மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது.

2003இல் கோயில்களில் ஆடு கோழி பலியிடத் தடை வந்ததே, அதுவும் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் தொங்கும் ஆட்டைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. சுடலைமாடன் கொடையில் வெட்டும் கிடாதான் கண்ணை உறுத்தியது. 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது.

தீட்டுக்கு விலங்குகூடத் தேவையில்லை. 2022 செப்டம்பரில் நம் மாவட்டத்தின் பாஞ்சாகுளத்தில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி, தலித் குழந்தைகளுக்குக் கடையில் தின்பண்டம் தர மறுத்த காணொலியைப் பார்த்திருப்பீர்கள். தட்டில் என்ன இருக்கிறது என்பதல்ல, கையை நீட்டுவது யார் என்பதுதான் அங்கே கேள்வி. மாட்டுக்கறியை வெறுப்பவர்களில் பலர் கேட்பதும் இதே கேள்வியைத்தான்.

சரி, இதோடு நம் வேலை முடிந்ததா? இல்லை, தோழர்களே. தீட்டை எதிர்ப்பதாலேயே கொடுமை பற்றிய கேள்வி நமக்கு இல்லாமல் போய்விடாது. அம்பேத்கரை இதற்காகவும் படிக்க வேண்டும். 1948இல் எழுதிய 'தீண்டப்படாதவர்கள்' நூலில், மாட்டிறைச்சி உண்டதோடு தீண்டாமையின் தோற்றத்தை அவர் இணைக்கிறார். அதே அம்பேத்கர் 1927 மகாடில், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதை விட்டுவிடுங்கள் என்றும் நம் மக்களிடம் சொன்னார். சாதி திணித்ததை உரிமை என்று ஏற்க வேண்டாம் என்பது அதன் பொருள். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் இன்னும் ஒரு படி போகிறார். கொல்ல வேண்டிய தேவை வேறு, கொல்லும் விருப்பம் வேறு என்று பிரிக்கிறார். அகிம்சையை அவர் விதியாக வைக்கவில்லை. ஒவ்வொருவரும் யோசித்து நடக்க வேண்டிய கோட்பாடாக வைக்கிறார்.

இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நம் பக்கத்தையும் பார்ப்போம். ஒரு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 1978ஆம் ஆண்டு விதி சொல்கிறது. அதை மீறி, மடங்கிய காலோடும் காய்ந்த வாயோடும் மாடுகளை நெருக்கி அடைத்துக் கொண்டுபோவது கொடுமை. அதைக் கொடுமை என்று சொல்வதால் மாட்டுக்கறி உரிமை ஒன்றும் குறைந்துவிடாது. சீசனுக்குக் குற்றாலம் வந்து அருவியில் குளித்துவிட்டு பரோட்டாவோடு காடை கேட்கிறோம். பண்ணைக் காடையும் கூண்டில்தான் வளர்கிறது. காட்டில் கண்ணி வைத்துப் பிடிக்கும் காடையும் கவுதாரியும் சட்டப்படியே குற்றம். இதை ஒருவர் சுட்டிக்காட்டினால் நாம் கோபப்பட வேண்டியதில்லை.

ஒரு உணவைப் பற்றிச் சண்டை வரும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். அந்த விலங்குக்கு என்ன செய்தார்கள்? அந்த வேலையைச் செய்தது யார், அவருக்கு என்ன பாதுகாப்பு? தடை வந்தால் இழப்பது யார்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லக்கூடியவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர் சைவராக இருக்கலாம், அவரிடம் நாம் கற்றுக்கொள்ளவும் இருக்கலாம். கசாப்புக்கூடத்தில் வலி தெரியாமல் அறுக்கும் வசதி, கால்நடை மருத்துவர், தொழிலாளிக்குக் கையுறை, காப்பீடு என்று அவரோடு சேர்ந்து கோரிக்கை வைக்கவும் முடியும்.

ஆனால் விலங்கைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லாமல், "நீங்கள் சாப்பிடுவீர்களா?" என்று மட்டும் கேட்பவர் இருக்கிறார். "சைவம் மட்டும்" என்று வாடகைப் பலகை மாட்டுபவர் அவர். அவரிடம் கருணை பற்றி விவாதித்து நேரத்தை வீணாக்காதீர்கள். அவர் கேட்பது உங்கள் சாதியை. அதற்கான பதிலைச் சட்டத்திலும் தெருவிலும் சொல்லிக்கொள்வோம்.

ஜெய் பீம்.